வன்தட்டு தரும் முன்னறிவிப்பு

கோடையில் கணினி திணறத் தொடங்கினால் முதலில் செய்ய வேண்டியது எது? வெப்பத்தைத் தணிப்பதா, கோப்புகளைக் காப்பதா? இவ்விரண்டில் வரிசை மாறினால் என்ன நேரும் என்பதை அனுபவத்தின் வாயிலாக விளக்குகிறது இக்கட்டுரை.

நாக்பூரில் மே மாதத்துப் பிற்பகல்களில் வெயில் 45 டிகிரி செல்சியஸைத் தொடுவது புதிதன்று. அத்தகைய ஒரு பிற்பகலில்தான் எங்கள் வீட்டுக் கணினி முதன்முறையாக உறைந்து நின்றது. சுட்டியை அசைத்தோம்; திரையில் அம்புக்குறி நகரவில்லை. ஐந்து நிமிடம் காத்திருந்து, மின்விசையை அணைத்து மீண்டும் இயக்கினோம். கணினி வழக்கம்போல் வேலை செய்தது. மறுநாளும் அதே நேரத்தில் அதே கதை. காலையில் ஒழுங்காக இயங்கும் கணினி, இரண்டு மணிக்கு மேல் ஒரு கோப்புறையைத் திறக்கவே இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டது. பெட்டிக்குள்ளிருந்து அவ்வப்போது ‘டிக், டிக்’ என்று மெல்லிய ஓசையும் வந்தது.

அந்தக் கணினியில் இரண்டு வகைச் செல்வங்கள் இருந்தன. ஒன்று, நாங்கள் நடத்தும் சிறிய எழுதுபொருள் கடையின் ஆறாண்டுக் கணக்கு. மற்றொன்று, மறைந்த எங்கள் தந்தையார் தம் இளமைக்காலத்தைப் பற்றிப் பேசியதைப் பதிவு செய்த பதினான்கு ஒலிக்கோப்புகள். கணக்கைச் சரக்குச் சீட்டுகளிலிருந்தும் வங்கிக் கணக்கறிக்கையிலிருந்தும் எப்படியேனும் மீண்டும் எழுதிவிடலாம். அந்தக் குரலை எங்கிருந்து மீட்பது? இவ்விரண்டும் ஒரே தட்டில் இருந்தன என்பதும், வேறெங்கும் பிரதி இல்லை என்பதும் அன்றுதான் எங்களுக்கு உறைத்தன.

பெட்டிக்குள் சுழலும் தட்டு

ஹார்டு டிஸ்க் என நாம் அனைவரும் அழைக்கும் வன்தட்டு, கணினியில் இன்றும் இயந்திர அசைவோடு பணிபுரியும் மிகச் சில உறுப்புகளுள் ஒன்று. 1956-ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. ஒரு பெரிய அலமாரி அளவுள்ள அந்த இயந்திரத்தில் சேமிக்க முடிந்ததோ 50 இலட்சம் எழுத்துகள் மட்டுமே. இன்றைய கைபேசி எடுக்கும் இரண்டொரு ஒளிப்படங்களுக்கே அந்த இடம் போதாது. ஆயினும் அடிப்படை வடிவமைப்பு இன்றளவும் மாறவில்லை. காந்தப்பூச்சு கொண்ட தட்டுகள் சுழல்கின்றன; அவற்றின் மேல் நுண்ணிய முனைகள் முன்னும் பின்னும் ஓடித் தகவலைப் படிக்கின்றன, எழுதுகின்றன.

மேசைக் கணினிகளில் உள்ள தட்டு பெரும்பாலும் நிமிடத்திற்கு 7,200 முறையோ 5,400 முறையோ சுழலும். 7,200 சுழற்சியில் தட்டின் விளிம்பு மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. படிக்கும் முனை அத்தட்டைத் தொடுவதில்லை. சில நானோமீட்டர் இடைவெளியில் மிதக்கிறது. மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் என்று நினைத்துப் பார்த்தால் அந்த இடைவெளியின் நுட்பம் விளங்கும். ஒரு தூசி, ஓர் அதிர்வு, திடீரென்று ஏற்படும் ஒரு மின்வெட்டு ஆகிய எதுவும் இந்த ஒழுங்கைக் குலைக்கக்கூடும். வெப்பம் மிகும்போது உலோகம் விரிகிறது. தாங்கியின் மசகு இளகுகிறது. மின்னணுப் பாகங்களின் ஆயுள் குறைகிறது.

வீட்டுக் கணினிகளுக்கான வன்தட்டுகளுக்கு இயங்கும் வெப்பநிலையின் மேல்வரம்பாகத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் 60 டிகிரியைக் குறிப்பிடுகின்றனர். தட்டின் வெப்பம் அறையின் வெப்பத்தைவிட 10 முதல் 15 டிகிரி வரை கூடுதலாக இருப்பது இயல்பு. அறையே 41 டிகிரி என்றால், நல்ல நிலையிலுள்ள தட்டும் 50-ஐத் தாண்டும். இராஜஸ்தானின் பலோடியில் 2016 மே மாதத்தில் 51 டிகிரி பதிவான நாட்டில் வாழும் நாம், குளிரூட்டப்பட்ட அறைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அறிவுரைகளை அப்படியே ஏற்றுக்கொள்ள இயலாது.

கணினியையே கேட்டறிதல்

வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்கிறது. ‘ஸ்மார்ட்’ என்னும் பெயருடைய இந்தக் குறிப்பேடு ஏறத்தாழ எல்லாத் தட்டுகளிலும் உள்ளது. அதைப் படித்துக் காட்டும் இலவச மென்பொருள்களுள் விண்டோஸ் கணினிக்கு ‘கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ’ எளிமையானது. நிறுவிய உடனே தட்டின் வெப்பநிலையையும், அதன் நலத்தைக் குறிக்கும் ஒரு சொல்லையும் வண்ணத்தோடு காட்டும். நீலம் நலம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு அபாயம்.

எங்கள் கணினியில் காலை ஏழு மணிக்கு இயக்கியவுடன் 34 டிகிரி. பிற்பகல் இரண்டு மணிக்கு 58 டிகிரி. பெயர் மஞ்சள் நிறத்தில் நின்றது. இவ்விரு அளவுகளையும் எடுத்துப் பார்த்தது பயனுள்ள செயல் என்பதைப் பின்னர் உணர்ந்தோம். காலையில் அறையின் வெப்பத்தை ஒட்டித் தொடங்கிப் படிப்படியாக ஏறினால் காற்றோட்டத்தில் குறை இருக்கிறது என்று கொள்ளலாம். இரவு முழுவதும் அணைந்திருந்த தட்டு, இயக்கிய கணமே 60 அல்லது அதற்கு மேல் காட்டினால், அல்லது நம்பவே முடியாத எண்ணைக் காட்டினால், உணரியின் கணக்கில்தான் கோளாறு இருக்கும். ஒரே ஒரு அளவை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர இயலாது.

அடுத்த நாள் காலையில் கணினியின் மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பக்கவாட்டுத் தகட்டைத் திருப்புளியால் கழற்றினோம். முன்புற விசிறியின் இதழ்களில் பஞ்சு போலத் தூசி படிந்திருந்தது. கணினிப் பெட்டி சுவரோடு ஒட்டி, மர மேசையின் அடித்தட்டில் மூன்று பக்கமும் அடைபட்டுக் கிடந்தது. சூடான காற்று வெளியேற வழியே இல்லை.

தூசியை நீக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உள்ளன. விசிறி இதழை விரலால் பிடித்துக்கொண்டு மென்மையான தூரிகையால் துடைக்க வேண்டும். காற்று வேகத்தில் அது தறிகெட்டுச் சுழலவிடுதல் கூடாது. வாயால் ஊதினால் எச்சிலின் ஈரம் சேரும். வீடு துடைக்கும் வேக்குவம் கிளீனர் நிலைமின்னைத் தோற்றுவிக்கக்கூடும். கையடக்க ஊதியால் வெளிப்புறமாக ஊதுவது நலம். துடைத்து முடித்தபின் பெட்டியை மேசைக்கு வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். அன்று பிற்பகல் தட்டு 47 டிகிரியில் நின்றது. பதினொரு டிகிரி இறக்கம்! கணினியும் உறையவில்லை. சிக்கல் தீர்ந்தது என்று மகிழ்ந்தோம்.

எங்கள் தவறு அங்கேதான் தொடங்கியது.

நிலுவையும் வாராக்கடனும்

வெப்பநிலைக்குக் கீழே அந்த மென்பொருள் காட்டும் நீண்ட அட்டவணையை நாங்கள் பொருட்படுத்தவில்லை. அதில் பல வரிகள் இருந்தாலும் நான்கு வரிகளை அறிந்தால் போதும். வங்கி வாடிக்கையாளராகிய நமக்கு அவற்றைப் புரிந்துகொள்வது கடினமன்று.

தட்டின் பரப்பு செக்டர் எனப்படும் சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு கட்டத்தைப் படிக்க முடியாமற்போனால் தட்டு அதை உடனே கைவிடுவதில்லை. ‘சி5’ என்னும் வரியில் நிலுவையாகக் குறித்துக்கொள்கிறது. தவணை தவறிய கடனைப் போன்றது இது. அடுத்த முறை அக்கட்டத்தில் எழுத நேரும்போது, எழுத்து நிலைத்தால் நிலுவை நீங்கும். நிலைக்காவிடில் அது வாராக்கடனாகிறது. தட்டு அக்கட்டத்தைக் கணக்கிலிருந்து நீக்கி, தன்னிடம் ஒதுக்கி வைத்துள்ள உபரிக் கட்டங்களுள் ஒன்றை அதற்கு ஈடாகத் தருகிறது. அந்த எண்ணிக்கை ‘05’ என்னும் வரியில் ஏறும். தட்டு தானே செய்யும் சோதனையிலும் படிக்க முடியாதவை ‘சி6’ வரியில் சேரும். வங்கிக்கு ஒதுக்கீடு தீர்ந்தால் என்ன நேருமோ, உபரிக் கட்டங்கள் தீர்ந்தால் தட்டிற்கும் அதுவே நேரும்.

நான்காவது, ‘சி7’ வரி. தட்டிற்கும் தாய்ப்பலகைக்கும் இடையே தகவல் பரிமாற்றத்தில் நேர்ந்த பிழைகளை இது எண்ணுகிறது. இது மட்டும் ஏறிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் கேபிள் தளர்ந்திருக்கும் அல்லது பழுதாகியிருக்கும். சிறு செலவில் புதுக் கேபிள் மாற்றினால் போதும். பழைய எண்ணிக்கை அழியாது. மேலும் ஏறுகிறதா என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

இங்கே ஒரு பொறி உண்டு. இம்மென்பொருள் இந்த எண்களைத் தொடக்கத்தில் பதினாறடிமான முறையில் காட்டுகிறது. எங்கள் தட்டின் சி5 வரியில் முதல் நாள் 8, மூன்றாம் நாள் 10, ஐந்தாம் நாள் 18 என்றிருந்தது. அது உண்மையில் 8, 16, 24. எட்டெட்டாக ஏறிக்கொண்டிருந்தது என்பதே எங்களுக்குத் தெரியவில்லை. இன்றைய தட்டுகள் பலவற்றில் ஒரு பெரிய கட்டம் எட்டுச் சிறு கட்டங்களாகக் கணக்கிடப்படுவதால், ஒவ்வொரு முறையும் ஒரு புதிய இடம் பழுதாகியிருந்தது என்று பொருள். மென்பொருளின் அமைப்புப் பட்டியலில் எண்களைப் பத்தடிமான முறைக்கு மாற்றிக்கொள்ள வழியுண்டு. படிக்கும் முன் அதைச் செய்துவிடுவது நன்று.

வெப்பம் மட்டுமே குற்றவாளியா?

வெப்பத்திற்கும் வன்தட்டின் ஆயுளுக்கும் உள்ள உறவைப் பற்றி 2007-ஆம் ஆண்டு கூகுள் நிறுவனப் பொறியாளர் மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தம் நிறுவனத்தில் இயங்கிய ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட தட்டுகளை அவர்கள் கண்காணித்திருந்தனர். வெப்பம் ஏற ஏறப் பழுதும் சீராக ஏறும் என்று பலரும் நம்பியிருந்ததற்கு மாறாக, நடுத்தர வெப்பநிலைகளில் அத்தகைய தொடர்பு தென்படவில்லை. மிக உயர்ந்த வெப்பத்திலும், மூன்றாண்டு கடந்த பழைய தட்டுகளிலும்தான் அதன் தாக்கம் தெளிவாகத் தெரிந்தது.

மாறாக, கட்டங்களின் பழுது பற்றிய கண்டுபிடிப்பு எச்சரிக்கையாக அமைந்தது. முதல் நிலுவைக் கட்டம் தோன்றிய தட்டு, அதற்கடுத்த 60 நாள்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு, நிலுவை இல்லாத தட்டைவிட 16 மடங்கு மிகுதி. முதல் மாற்றுக் கட்டம் தோன்றிய தட்டிற்கோ 14 மடங்கு. பழுதான எல்லாத் தட்டுகளும் முன்னறிவிப்புத் தந்தன என்றும் கொள்வதற்கில்லை. செயலிழந்தவற்றுள் 36 விழுக்காட்டிற்கும் மேலானவை, வெப்பநிலை தவிர்த்த எந்த வரியிலும் எந்த அறிகுறியும் காட்டாமலே நின்றுபோயின.

அத்தட்டுகள் குளிரூட்டப்பட்ட கணினி மையங்களில் இருந்தவை. நம் வீட்டுக் கோடை அறைகள் அந்த அளவுகோலுக்கு வெளியே நிற்பவை. ஆகவே வெப்பத்தைத் தணிக்கும் முயற்சி வீணன்று. ஆனால் வெப்பம் தணிந்தது என்பதற்காகத் தட்டு நலமடைந்தது என்று முடிவு செய்வது பிழை. நாங்கள் செய்த பிழை அதுவே. காய்ச்சல் இறங்கியதைக் கண்டு நோய் போயிற்று என்று நம்பிவிட்டோம். தூசி துடைத்துச் சரியாக ஒன்பதாம் நாள், வெப்பநிலை 46-இல் இருக்கும்போதே, கணக்குக் கோப்பைத் திறக்க முடியாமல் கணினி மீண்டும் உறைந்தது.

பழுது நீக்குமுன் பிரதி

அருகிலிருந்த பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் பெட்டியை எடுத்துச் சென்றோம். அவர் திரையை ஒருமுறை பார்த்துவிட்டு, “ஃபார்மேட் செய்து விண்டோஸை மறுபடி ஏற்றினால் சரியாகிவிடும்” என்றார். கணினி சரியாகியிருக்கலாம், அதனுள் இருந்தவை போயிருக்கும். நல்வேளையாகக் கணினிப் பொறியியல் பயிலும் குடும்ப நண்பரின் மகன் அன்று மாலை வீட்டிற்கு வந்திருந்தான். “அங்கிள், முதலில் எதையும் ‘ரிப்பேர்’ செய்யாதீர்கள். காப்பி எடுங்கள்” என்றான். அந்த ஒரு வாக்கியமே இக்கட்டுரையின் சாரம்.

விண்டோஸ் தரும் தட்டுச் சோதனைக் கட்டளை நலமான தட்டிற்கு உதவும். நலிந்த தட்டிலோ, அது முழுப்பரப்பையும் உழுது, கோப்புகளின் அமைப்பையும் தன் போக்கில் திருத்தி எழுதிவிடக்கூடும். எஞ்சியிருக்கும் ஆயுளை அதற்குச் செலவிடாமல், கோப்புகளை வெளியே எடுப்பதற்குச் செலவிட வேண்டும். மீட்பு மென்பொருளை அதே தட்டில் நிறுவுவதும் தவறு; நாம் மீட்க விரும்பும் இடத்தின் மேலேயே அது எழுதப்படலாம்.

எதை முதலில் எடுப்பது? அளவையும் அகரவரிசையையும் பார்த்து எடுத்தலாகாது. வேறெங்கும் கிடைக்காதவற்றை முதலில் எடுக்க வேண்டும். குரற்பதிவுகள், ஒளிப்படங்கள், கையெழுத்துப்படிகள் ஆகியன முதல் வரிசை. கடைக் கணக்கு, கடிதப் போக்குவரத்து முதலியன இரண்டாம் வரிசை. கணக்கறிக்கைகளை வங்கியிலிருந்தும், வரி ஆவணங்களை வருமான வரித் துறையின் இணையதளத்திலிருந்தும், சான்றிதழ்கள் பலவற்றை அரசின் டிஜிலாக்கரிலிருந்தும் மீண்டும் பெறலாமாதலால் அவை மூன்றாம் வரிசை. திரைப்படங்களும் மென்பொருள்களும் கடைசி, கைவிடினும் குறையில்லை.

அன்றிரவே புதிய வெளிப்புறத் தட்டு ஒன்றை வாங்கினோம். மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு, அறை குளிர்ந்திருக்கும் வேளையில், பெட்டியின் பக்கவாட்டைத் திறந்து வைத்து மேசை விசிறியை அதன்மேல் திருப்பி, ஒலிக்கோப்புகளை ஒவ்வொன்றாகப் பிரதி எடுத்தோம். பதின்மூன்று கோப்புகள் வந்தன. பதினான்காவது பாதியில் நின்றது. மீண்டும் மீண்டும் முயலத் துடித்த கையை அந்த இளைஞன் தடுத்தான். சிக்கிய இடத்தில் முட்டிக்கொண்டிருப்பதே நலிந்த தட்டைக் கொல்லும் வழி என்பது அவன் விளக்கம்.

எஞ்சியதை அவன் ‘டிடிரெஸ்க்யூ’ என்னும் இலவச மென்பொருளால் எடுத்தான். பென் டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கி அதை நடத்த வேண்டும். நலிந்த தட்டின் நல்ல பகுதிகளை முதலில் விரைவாகப் பிரதி எடுத்துவிட்டு, அடம் பிடிக்கும் பகுதிகளைத் தாண்டிச் சென்று, இறுதியில் அவற்றிற்குத் திரும்பி வருவது அதன் சிறப்பு. எதுவரை முடிந்தது என்று ஒரு குறிப்புக்கோப்பில் எழுதிக்கொள்வதால், தட்டு சூடேறினால் நிறுத்திவிட்டு மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் எச்சரிக்கை தேவை. பிரதி எடுக்கப்படும் தட்டையும் எழுதப்படும் தட்டையும் கட்டளையில் இடம் மாற்றிக் கொடுத்தால், வெற்றுத்தட்டு நம் தட்டின் மேல் எழுதப்பட்டுவிடும். பழக்கமுள்ளவர் அருகில் இருத்தல் வேண்டும். புதிய தட்டின் கொள்ளளவும் பழையதற்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

மூன்று காலைப்பொழுதுகளில் பணி முடிந்தது. கணக்கில் இரண்டு மாதப் பகுதி படிக்க முடியாமற்போயிற்று. வங்கிக் கணக்கறிக்கையையும் சரக்குச் சீட்டுகளையும் அருகில் வைத்துக்கொண்டு அதை மீண்டும் எழுதினோம். சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டப்படி, ஆண்டறிக்கைக்குரிய கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்கேடுகளைப் பாதுகாத்தாக வேண்டும் என்பதால் அந்த உழைப்பைத் தவிர்க்க இயலவில்லை. பதினான்காவது ஒலிக்கோப்பில் முதல் நான்கு நிமிடம் மட்டும் மீண்டது. தந்தையார் தம் முதல் வேலையில் சேர்ந்த நாளைச் சொல்லத் தொடங்கும் இடத்தில் அது முடிந்துவிடுகிறது. தூசி துடைத்த அன்றே பிரதி எடுத்திருந்தால் முழுவதும் கிடைத்திருக்கும்.

செய்யத் தகாதவை

தட்டிலிருந்து ‘டக், டக்’ என்று சீரான, உரத்த ஓசை வந்தாலோ, கணினி தட்டையே அடையாளம் காண மறுத்தாலோ, அதன்பின் எந்த மென்பொருளாலும் பயனில்லை. உடனே மின்விசையை அணைத்துவிட வேண்டும். உள்ளிருப்பவை விலைமதிப்பற்றவை எனில் தூசியற்ற அறை வசதியுள்ள தரவு மீட்பு நிறுவனத்தை நாடலாம். பணியைத் தொடங்குமுன் மதிப்பீட்டை எழுத்தில் பெறுதல் நலம்.

தட்டின் மூடியை வீட்டில் திறத்தல் கூடாது. குளிர்பதனப் பெட்டியின் உறைநிலை அறையில் தட்டை வைத்து எடுத்தால் உயிர் வரும் என்று சொல்வாரும் உளர். வெளியே எடுத்த நொடியில் கோடைக்காற்றின் ஈரம் தட்டின் மேல் வியர்க்கும். நானோமீட்டர் இடைவெளியில் மிதக்கும் முனைக்கு அந்த ஈரம் பெருந்தீங்கு.

வெளிப்புறத் தட்டுகளுக்கு விசிறி இல்லை. மெத்தை, சோபா, துணி ஆகியவற்றின் மேல் வைத்து மணிக்கணக்கில் பிரதி எடுத்தால் அவை விரைவில் கொதிக்கும். வெறும் மேசை மேல் வைப்பதே ஏற்றது. இயங்கும்போது நகர்த்துவதும் தகாது. சுழலும் பாகமற்ற எஸ்எஸ்டி வகைச் சேமிப்பகங்கள் சூடேறினால் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. அவற்றில் ஓசை எழ வழியில்லை. முன்னறிவிப்பின்றியே நின்றுபோகவும் கூடும். ஆகவே அவற்றை வைத்திருப்போருக்கும் பிரதி தேவையே.

மின்னழுத்த ஏற்ற இறக்கமும் அடிக்கடி நேரும் மின்வெட்டும் தட்டிற்குப் பகை. எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் நின்றால் அக்கட்டம் அரைகுறையாக நிற்கும். கணினியை ஒழுங்காக அணைப்பதற்குப் போதுமான பத்து நிமிடத்தைத் தரும் யுபிஎஸ் இருந்தாலே பாதிக் கவலை நீங்கும்.

இன்னொன்றையும் வங்கி வாடிக்கையாளராகிய நாம் மறத்தலாகாது. கணினி பழுதாகித் தவிக்கும் வேளையில், “தொலைவிலிருந்தே சரிசெய்து தருகிறோம்” என்று முன்பின் அறியாதவர் அழைத்து, திரையைத் தம் வசம் ஒப்படைக்கும் செயலியை நிறுவச் சொன்னால் மறுத்துவிட வேண்டும். அத்திரையில் நம் வங்கிக் கணக்கும் திறக்கப்படுகிறது. ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதமின்றி வங்கிக்குத் தெரிவித்து, 1930 என்னும் தேசிய எண்ணிலும் புகார் செய்யலாம்.

பழைய தட்டை என்ன செய்வது?

செயலிழந்த தட்டைப் பழைய பொருள் வாங்குவோரிடம் அப்படியே கொடுத்தல் ஆபத்து. நமக்குப் படிக்க முடியாதது பிறர்க்கும் முடியாது என்பதில்லை. கணக்கறிக்கைகள், பான் அட்டையின் படி, கையொப்பப் படம், எங்கோ குறித்து வைத்த கடவுச்சொல் எல்லாம் அதில் இருக்கலாம். கோப்புகளை அழித்தாலும் சாதாரண ஃபார்மேட் செய்தாலும் அவை முற்றாக மறைவதில்லை. இயங்கும் தட்டு எனில் முழுப்பரப்பையும் ஒருமுறை மேலெழுத வேண்டும். இயங்காத தட்டு எனில் தட்டைத் துளையிட்டுச் சிதைத்தபின், அங்கீகாரம் பெற்ற மின்கழிவுச் சேகரிப்பாளரிடம் ஒப்படைக்கலாம்.

மூன்று பிரதி, ஒரு நாள்

உலகெங்கும் பின்பற்றப்படும் எளிய விதி ஒன்று உண்டு. ஒவ்வொரு முக்கியக் கோப்பிற்கும் மூன்று பிரதிகள். அவை இரண்டு வகைச் சாதனங்களில். அவற்றுள் ஒன்று வீட்டிற்கு வெளியே. நாங்கள் இப்போது கணினியில் ஒன்று, வெளிப்புறத் தட்டில் ஒன்று, இணையச் சேமிப்பகத்தில் ஒன்று என்று வைத்துள்ளோம். இணையத்தில் வைக்கத் தயங்குவோர், மூன்றாவது பிரதியை வேறு ஊரில் உள்ள உறவினரிடம் கொடுத்து வைக்கலாம். வங்கியில் பாதுகாப்புப் பெட்டகம் வைத்திருப்போர் நகைகளோடும் பத்திரங்களோடும் அதையும் வைக்க இயலுமா எனக் கிளையில் கேட்டறியலாம். எங்கு வைத்தாலும், ஆண்டுக்கொருமுறை எடுத்து இயக்கி, கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பிரதியை நம்பியிருத்தல், இருப்பை எண்ணிப் பார்க்காமல் காசோலை எழுதுவதற்கு ஒப்பாகும்.

அதற்கு நாள் குறிப்பதும் எளிது. மார்ச் 31-ஐ உலகக் காப்புப் பிரதி நாள் எனப் பல நாடுகளில் கடைப்பிடிக்கின்றனர். நம் நாட்டில் அதுவே நிதியாண்டின் இறுதி நாள். கணக்கை முடித்து இருப்பைச் சரிபார்க்கும் அந்நாளில், வன்தட்டின் இருப்பையும் சரிபார்த்துவிடலாம். நாக்பூரில் அதற்குச் சில வாரங்களில் வெயில் ஏறத் தொடங்கிவிடும். கோடைக்கு முன்பே பணி முடிந்துவிடும் என்பது கூடுதல் நன்மை.

நினைவிற்கொள்ள

• கணினி அடிக்கடி உறைந்தால், கோப்புறை திறக்கத் தாமதித்தால், புதிய ஓசை கேட்டால், அன்றே பிரதி எடுக்க வேண்டும்.

• வெப்பநிலையைக் காலையிலும் பிற்பகலிலும் அளக்க வேண்டும். 50 டிகிரியைத் தாண்டினால் தூசி, விசிறி, காற்றோட்டம் மூன்றையும் பார்க்க வேண்டும்.

• 05, சி5, சி6 வரிகளில் பூச்சியம் மாறினால், வெப்பம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் புதிய தட்டு வாங்க ஆயத்தமாக வேண்டும். சி7 மட்டும் ஏறினால் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும்.

• பிரதி எடுத்து முடிக்கும்வரை ஃபார்மேட், தட்டுச் சோதனை, மறுநிறுவல் எதுவும் கூடாது.

• உரத்த ‘டக்’ ஓசை கேட்டால் உடனே அணைத்துவிட வேண்டும்.